பதில் போட பத்து நாள்தான்!

கேள்வி: ஐயா, நானும் என் மைத்துனரும் இயக்குநர்களாக இருந்து திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். பிரைவேட் லிமிடெட். நூல் மில் ஒன்றுக்கு அசல் 94 லட்சம் பாக்கி. அவர்கள் அனுப்பிய ஒரு லோடு நூலில் ஓட்டிய துணி, சாயம் ஏறி வந்ததும் கோடு கோடாக நின்றது. பையர் ஆர்டரை ரத்து செய்தார். அதனால் பணத்தை நிறுத்தி வைத்தோம். இப்போது மில்லின் வக்கீல் 24 சதவீத வட்டியோடு 1 கோடியே 17 லட்சம் கேட்டு நோட்டீஸ் விட்டிருக்கிறார். தராவிட்டால் கம்பெனியையே கலைக்க மனுப் போடுவார்களாம். நான் ராஜினாமா செய்துவிடலாமா? மெஷின்களை என் மனைவி பெயருக்கு மாற்றிவிடலாம் என்கிறார் மைத்துனர்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: முதலில் மைத்துனரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். திவால் மனு ஏற்கப்பட்டால், அந்தத் தேதியிலிருந்து 2 ஆண்டு பின்னோக்கிப் போய், உறவினருக்கு அடிமாட்டு விலையில் மாற்றிய சொத்துகளைத் தோண்டி எடுப்பார்கள். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவே செய்தது என்று தெரிந்தால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. இல்லாத வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

கம்பெனியைக் கலைக்கும் மனு என்பதெல்லாம் பழைய கதை. கடன் கட்டவில்லை என்று ஹைகோர்ட்டில் அப்படி மனுப் போடும் வழி 2016 டிசம்பரோடு மூடப்பட்டுவிட்டது. உங்களுக்கு வந்திருப்பது திவால் சட்டத்தின் 8-ஆவது பிரிவு நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும். அடுத்து 9-ஆவது பிரிவின்படி சென்னையிலுள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு வரும். அது ஏற்கப்பட்டால் உங்கள் போர்டின் அதிகாரம் அன்றே முடங்கும். செக்கில் கையெழுத்துப் போடும் வேலை தீர்ப்பாயம் நியமிக்கும் நிபுணர் கைக்குப் போகும்.

அதனால் நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 10 நாளுக்குள் எழுத்தில் பதில் போட்டாக வேண்டும். அந்தப் பதிலில் சொல்லவேண்டியது ஒன்றே: இந்த நூலைப் பற்றி நோட்டீஸ் வருவதற்கு முன்பே தகராறு இருந்தது. கோடு விழுந்த துணியின் போட்டோவை மில் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா? டெபிட் நோட் (பில்லில் இவ்வளவு கழிக்கிறோம் என்ற தாள்) போட்டீர்களா? லேப் ரிப்போர்ட், பையரின் ரத்து மெயில், மில் ஆள் வந்து துணியைப் பார்த்துவிட்டுப் போனதற்குச் சாட்சியாக ஏதாவது தாள் இருக்கிறதா? எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணையுங்கள். மோபிலாக்ஸ் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குச் சாதகம்: தகராறில் நீங்கள் ஜெயிப்பீர்களா என்று தீர்ப்பாயம் ஆராயாது, அது வெறும் ஜோடனை இல்லை, விசாரிக்கத் தகுந்தது என்று தெரிந்தாலே மனுவைத் தள்ளவேண்டும். ஆனால் நோட்டீஸ் வந்த மறுநாள் தேதியில் டைப் அடித்த டெபிட் நோட்டை நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

அடுத்தது தொகை. 2020 மார்ச் 24 முதல் குறைந்தது 1 கோடி பாக்கி இருந்தால்தான் இந்த மனு செல்லும். உங்கள் அசல் 94 லட்சம். வட்டியைச் சேர்த்துத்தான் அந்த 1 கோடிக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள். ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரையும் பில்லையும் எடுத்து, 24 சதவீதம் எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எங்கும் இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் வாதம். பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்தால் கஷ்டம்தான்: அப்படிப்பட்ட வட்டியையும் சேர்த்துக் கணக்கிடலாம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதுண்டு. தகராறில்லாத மற்ற லோடுகளின் பணத்தை இப்போதே கட்டிவிட்டால் மிச்சத் தொகை கோட்டுக்கு வெகு கீழே இறங்கிவிடும். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் செய்வேன்.

சமரசம் பேசுவதானால் மனு ஏற்கப்படும் முன்பே பேசி முடியுங்கள். பேங்க் போன்ற கடன் கொடுத்தவர்களின் கமிட்டி அமைந்தபின் மனுவை வாபஸ் வாங்க அதில் 90 சதவீத வாக்கு வேண்டும். மில் மனம் மாறினாலும் உங்கள் பேங்க் மாறவேண்டுமே! உத்தியம் பதிவு உள்ள சிறு தொழில் என்றால், நிர்வாகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடனைச் சீரமைக்கும் ‘ப்ரீ-பேக்’ வழி 2021 முதல் உண்டு. அதற்கு பேங்க் சம்மதம் முன்கூட்டியே வேண்டும் என்பதால் இன்றே மேனேஜரைப் பாருங்கள். மனு ஏற்கப்பட்டுவிட்டால் 30 நாளுக்குள் அப்பீல்.

ராஜினாமாவால் ஒன்றும் நடக்காது. பேங்க் கடனுக்கு நீங்கள் சொந்த ஜாமீன் கொடுத்திருந்தால் அது உங்களைத் தொடரும். மனு ஏற்கப்பட்டதும் கம்பெனி மீதான வழக்கும் வசூலும் நிற்கும்; அந்தத் தடைக்காலப் பாதுகாப்பு ஜாமீன்தாரருக்குக் கிடையாது. செக் விஷயமும் அப்படியே. நீங்கள் கையெழுத்திட்ட செக் ஏதாவது மில்லின் கையில் இருந்து திரும்பினால், கம்பெனி மீதான வழக்கு தடைக்காலத்தில் நிற்கும், உங்கள் மீதான வழக்கு நிற்காது என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மில்லுக்குக் கொடுத்த செக்குகளின் நம்பரையும் ஜாமீன் பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே திவால் வழக்கு நடத்தும் வக்கீலிடம் போங்கள். நோட்டீஸ் வந்த கவரையும் தபால் முத்திரையோடு கொண்டுபோங்கள். 10 நாள் கணக்கு அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும்.