துபாய் கோபுரங்கள் மணல்மேல் நிற்கின்றனவா?

"எல்லாம் மணலில் கட்டியது, ஒருநாள் சாயும், அதுவும் வெறும் எண்ணெய்ப் பணம்" என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாயும் என்பது வீண் பயம். 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவைத் தாங்குவது மேல்மணல் அல்ல. 1.5 மீட்டர் விட்டமுள்ள 192 கான்கிரீட் பைல்கள் (நிலத்துக்குள் இறக்கும் நீண்ட தூண்கள்) சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, அடியிலுள்ள பாறையை உராய்வால் பற்றி நிற்கின்றன. அந்தப் பாறையும் அப்படியொன்றும் கெட்டியானதல்ல, அதனால்தான் இவ்வளவு ஆழம்.

சரி, பணம்? இன்றைய துபாய் பெரும்பாலும் வணிகம், துறைமுகம், விமானம், சுற்றுலாவில் ஓடுகிறது. எண்ணெயின் பங்கு மிகச் சொற்பம். ஆனால் 2009 கடன் நெருக்கடியில் கைகொடுத்தது எண்ணெய் வளமுள்ள பக்கத்து அமீரகமான அபுதாபிதான். அதுவரை புர்ஜ் துபாய் எனப்பட்ட கோபுரம் 2010 திறப்புவிழாவில் அன்றைய அபுதாபி ஆட்சியாளர் கலீஃபாவின் பெயருக்கு மாறியதும் சும்மா இல்லை.