வாசகர் கேள்வி: வெயிலில் நிற்கும் கார்

கேள்வி: டிசம்பரில் கடற்கரையோரம் காரை நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. கண்ணாடிக்கு மறைப்பு வாங்கினால் உள்ளே குளுகுளுவென்று இருக்குமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: குளுகுளுவெல்லாம் இல்லை அம்மா, சூடு கொஞ்சம் குறையும். கண்ணாடி வழியே வரும் வெயிலை டாஷ்போர்டு வாங்கி வெப்பமாக விடுகிறது; அந்த வெப்பம் கண்ணாடியைத் தாண்டி எளிதில் வெளியேறாது. அதனால் மறைப்பின் வெள்ளி நிறப் பக்கம் வெளியே பார்க்க, அதை முன்கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். ஸ்டீயரிங் தப்பிக்கும். நம் ஊரில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், காரின் முகம் தெற்கே இருந்தால் நல்லது. டிசம்பரில் அது உச்சிக்கே வந்துவிடும், பலன் குறைவு. தவிர, கார் காவல்காரர் கைகாட்டும் இடத்தில்தானே நிறுத்த முடிகிறது! பிள்ளைகளை மட்டும் மறைப்பை நம்பி உள்ளே விட்டுப் போகாதீர்கள். கிளம்பும்முன் இரு பக்கக் கதவையும் திறந்து அனலை வெளியேற்றுங்கள், அப்புறம் ஏசி.