ஐசியூவில் சேர்த்த மறுநாளே ‘மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி’ என்கிறார்கள். மருத்துவமனையில்தான் அப்பாவுக்குத் தொற்றியதா?

மறுநாளே தெரிந்தது என்றால் பெரும்பாலும் அப்பாவோடு வந்த கிருமிதான். சேர்த்து 48 மணி நேரம் கழித்துத் தலைகாட்டும் தொற்றைத்தான் வழக்கமாக அந்த மருத்துவமனைக் கணக்கில் எழுதுவார்கள். ஆனால் போன மாதம் வேறு வார்டில் படுத்திருந்தாரா, டயாலிசிஸுக்குப் போகிறாரா என்பதையும் யோசியுங்கள். அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரி, ஐசியூ தாதி. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பெரியவர்களில் பலருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), காலில் ஆறாத புண். கிளினிக் மாற்றி கிளினிக் போய் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் சாதுவான கிருமிகள் செத்து, மருந்தைத் தாங்கியவை குடலில் இடம் பிடித்துக்கொள்ளும். கிளெப்சியெல்லா என்ற கிருமி குடலிலும், பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமி மூக்கிலும் தோலிலும் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். உடல் தளர்ந்து, சுவாசக் குழாயும் சிறுநீர்க் குழாயும் போட்ட பிறகு அவை நோயாக மாறலாம். சேர்த்தவுடன் மூக்கிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பது இதற்காகத்தான். தனி அறையில் வைப்பதை அவமானமாக நினைக்காதீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரரைக் காப்பாற்றவே அப்படிச் செய்கிறார்கள்.

குடும்பத்தாரிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: பழைய கதையை முழுதாகச் சொல்லுங்கள். கிருமி இரத்தத்தில் பரவி இரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று ஆய்வகம் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் ஊகித்துத்தான் கொடுக்கிறார். முன்பு ஈஎஸ்பிஎல் கிருமி, அதாவது பல ஆன்டிபயாடிக்குகளைச் சிதைத்துவிடும் வகை, இருந்தது என்று தெரிந்தால் வழக்கமான செஃப்ட்ரையக்ஸோனை விட்டுவிட்டு அதைவிட வலுவான மெரோபெனத்தில் தொடங்குவார். மெரோபெனமும் பலிக்காத கிருமி என்றால் மிஞ்சுவது கொலிஸ்டின் போன்ற சில மருந்துகளே, கொலிஸ்டின் சிறுநீரகத்தையும் பாதிக்கும். “ஏதோ வெள்ளை மாத்திரை, மூணு வேளை” என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. பழைய டிஸ்சார்ஜ் கடிதம், கிளினிக்கில் தந்த மருந்து உறை, காலி அட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள்.

அப்பா சேற்றில், மழைத் தண்ணீரில் வேலை செய்தவரா? அதையும் சொல்லுங்கள். மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமி நம் மண்ணிலேயே இருக்கிறது, இனிப்பு நீர்க்காரர்களைத்தான் அதிகம் தாக்கும். இயல்பிலேயே அது பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாது.

இன்று டாக்டரைப் பார்க்கும்போது, கிருமி உடம்பில் சும்மா இருக்கிறதா, நோயாகிவிட்டதா என்று கேளுங்கள். சும்மா இருப்பதற்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.