கரைக்கு அருகே வந்ததும் ஒரு சூறாவளி சோர்கிறது, இன்னொன்று சீறுகிறது. ஏன்?

"கடல் சூடாக இருந்தால் சூறாவளி வலுக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் வெதுவெதுப்பான கடலோரத்தில் சில சூறாவளிகள் சுருண்டுவிடுவது ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்தண்ணீரின் சூட்டை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அடியில் இருப்பதையும் பார்க்க வேண்டும்.

2011 ஆகஸ்டில் நான் நியூ ஜெர்ஸியில் குடியிருந்தேன். ஐரீன் என்ற சூறாவளி வருகிறது என்று நியூயார்க்கில் சுரங்க ரயிலையே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து, இருந்த மாவையெல்லாம் இட்லியாக ஊற்றி வைத்துவிட்டு விழித்திருந்தோம். 28ஆம் தேதி ஞாயிறு விடிகாலை வந்தது. மழை கொட்டித் தீர்த்தது, ஆறுகள் கரைபுரண்டன. ஆனால் காற்று எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் நண்பர். ஐரீனின் பாதையை நன்றாகவே கணித்திருந்தார்கள், வலுவைத்தான் கூடுதலாகச் சொல்லிவிட்டார்கள்.

கிணற்றில் குதித்துக் குளித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மேலே வெதுவெதுப்பு, கொஞ்சம் உள்ளே போனால் கால் சில்லிடும். அமெரிக்காவின் அந்தக் கிழக்குக் கரையோரக் கடலும் கோடையில் அப்படித்தான். மேலே 25 டிகிரி வெப்பத்தில் மெல்லிய அடுக்கு. அடியில் குளிர்காலத்திலிருந்தே தங்கிவிட்ட, 10 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த நீர். கொளுத்தும் ஜூலையில் அங்கே கடலில் கால் வைத்துவிட்டு நானே அலறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். தென்மேற்குக் காற்று சில நாள் விடாமல் அடித்தால் அடிநீர் கரையோரம் மேலேறிவிடும்.

ஐரீன் இந்தக் கடலின் மேல்தான் வந்தது. அதன் முன்பக்கக் காற்று மேல்தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளியது. கரையில் முட்டிய தண்ணீருக்குப் போக இடம் வேண்டுமே, அடிநீர் எதிர்த்திசையில் கடலுக்குள் ஓடியது. இரண்டு அடுக்குகளும் எதிரெதிராக உராய்ந்து கலந்தன. விளைவு, புயலின் கண், அதாவது அதன் நடுமையம், வந்து சேரும் முன்பே மேல்பரப்பு குறைந்தது 6 டிகிரி குளிர்ந்துவிட்டது. ஆழ்கடலில் பெரும்பாலும் கண் கடந்த பிறகுதான் குளிரும், அதனால் புயலுக்கு அவ்வளவு நஷ்டமில்லை. இங்கேயோ அடுப்பை முன்கூட்டியே அணைத்த மாதிரி ஆகிவிட்டது. வறண்ட காற்றும் தன் பங்குக்கு வலுவைக் குறைத்தது என்றாலும், கணிப்பில் விட்டுப்போனது கடலின் இந்த வேலைதான். இது தெரியவந்ததற்குக் காரணம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் கடலுக்குள் விட்டிருந்த கிளைடர், அதாவது ஆளில்லாமல் மூழ்கி மூழ்கி எழும் கருவி. மேகத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கண்ணுக்குத் தெரியாது.

சரி, அடியில் குளிர்ந்த நீரே இல்லாவிட்டால்? அதற்கு 2018ல் ஃப்ளோரிடாவைத் தாக்கிய மைக்கேல் உதாரணம். செப்டம்பர் தொடக்கத்தில் கார்டன் என்ற சின்னப் புயல் மெக்சிகோ வளைகுடாவின் அந்தப் பகுதியைக் கடந்தது. கரையோரக் கடலைக் கலக்கி, சூட்டை அடிவரை இறக்கிவிட்டுப் போனது. அதன்பின் அடித்த வெயிலில் மேலும் சூடேறி, மேலிருந்து அடி வரை வெந்நீர். அக்டோபர் 10ல் மைக்கேல் எவ்வளவு கலக்கியும் குளிர்ச்சி மேலே வரவில்லை. கரை தொடும்வரை வலுத்துக்கொண்டே போய், மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் காற்றோடு மெக்சிகோ பீச் ஊர் அருகே ஏறியது. முந்தைய புயல் கடலைக் குளிரவைத்துவிட்டுப் போகும் என்றே பழகியிருந்த எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

அப்புறம், நம் வங்கக்கடல் வேறு ரகம். கங்கை, பிரம்மபுத்ரா, ஐராவதி கொண்டுவந்து கொட்டும் நன்னீர் எடை குறைந்ததால் மேலேயே மிதக்கிறது. மழைக்காலத்துக்குப் பிறகு கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கேயும் இறங்குகிறது. இந்த மூடி இருக்கும் இடத்தில் காற்று ஆழமாகக் கலக்குவது கடினம். கொஞ்சம் கலக்கினாலும் உடனே கீழே இருப்பது குளிர்ந்த நீரல்ல, சூடான உப்புநீர்.