முதல் பெட்டியில் நிற்கிறவர்

வாசகர் கேள்விகள், நாவலாசிரியர் பதில்கள்

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஓடும் மலை ரயிலைக் களமாகக் கொண்டு இவ்விதழில் வெளிவந்த தொடர்கதை சென்ற மாதம் நிறைவடைந்தது. அதில் வரும் பிரேக்ஸ்மேன் ரங்கசாமியைப் பற்றியே பெரும்பாலான கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை கேள்வி பதில் பகுதியை அவருக்கென்றே ஒதுக்கி, கோத்தகிரியில் வசிக்கும் தொடரின் ஆசிரியருக்குக் கடிதங்களை அனுப்பிவைத்தோம்.

கதையில் கலகலப்பாகப் பேசுவதும், சண்டை போடுவதும், முடிவெடுப்பதும் எல்லாம் ரங்கசாமியின் மனைவி துளசிதான். ரங்கசாமி பாதி அத்தியாயங்களில் வாயே திறப்பதில்லை. ஆனால் நீங்கள் படைத்தவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான் என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஏன்?
வாசகி, கோயம்புத்தூர்

துளசியைப் பிடிக்காதவர் யார் இருக்கிறார்கள்? அவள் பேச ஆரம்பித்தால் அத்தியாயம் தானாக ஓடிவிடும்; நான் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். ரங்கசாமியிடம் அந்த வசதி கிடையாது. அவரை ஒவ்வொரு வரியாக நான்தான் கட்ட வேண்டியிருந்தது.

மலை ரயிலில் அவர் நிற்கும் இடத்தைச் சொன்னால் என் பிரியம் விளங்கும். சமவெளியில் என்ஜின் முன்னால் நின்று இழுக்கும். இங்கே கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கும்போது, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பல் வைத்த இரும்புச் சட்டத்தை என்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் கவ்விக்கொள்ள, பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அது தள்ளிக்கொண்டு போகும். சில இடங்களில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம்; இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருண்டுவிடக் கூடாது என்பதற்காகவே கனமான என்ஜினைக் கீழ்ப்பக்கம் வைத்திருக்கிறார்கள். அதனால் ஓட்டுநருக்கு முன்னால் பெட்டிகள்தான் தெரியுமே தவிர, பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்புறத் திறந்த மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கைப்பிரேக்கின் சக்கரத்தோடு நிற்பார். முதல் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்ட, அதைப் பின்னால் உள்ளவர்கள் வாங்கிக் காட்டுவார்கள். முன்னால் கிடப்பது எதுவானாலும் முதலில் பார்ப்பவர் அவர். ஆனால் வண்டியை ஓட்டுபவர் அவர் அல்ல. வேகத்தை நிர்ணயிப்பவரும் அவர் அல்ல. இப்படியொரு இடத்தில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நின்ற மனிதர் எப்படி இருப்பார் என்ற கேள்விதான் ரங்கசாமி.

அவரை எழுதுவதற்கு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன். அந்த மேடையில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது, காதில் விழுவது, கையில் படுவது ஆகியவற்றை மட்டுமே எழுத வேண்டும். அவர் என்ன நினைத்தார் என்று ஒரு வரிகூட எழுதக் கூடாது. தொடர் முழுவதையும் புரட்டிப் பாருங்கள், ‘ரங்கசாமி நினைத்தார்’ என்று எங்கும் இருக்காது. பேசாத மனிதர் என்றால் உள்ளே ஏதோ பெரிய துயரத்தைப் புதைத்து வைத்திருப்பார் என்ற எண்ணம் நம் கதைகளில் ஊறிப்போய்விட்டது. ரங்கசாமியிடம் புதைத்து வைத்தது ஒன்றும் இல்லை. வேலை நேரத்தில் பேசினால் கண் திரும்பிவிடும் என்பதால் பேசாமல் இருந்தார். இருந்து இருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. அவ்வளவுதான் காரணம், இதை நம்பாமல் ‘அவருடைய ரகசியம் என்ன’ என்று கேட்டு வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன.

ரங்கசாமி உண்மையில் வாழ்ந்தவரா? என் பெரியப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். படிக்கப் படிக்க அவர் ஞாபகமாகவே இருந்தது.
வாசகர், மேட்டுப்பாளையம்

ஒருவரைப் பார்த்து எழுதியதல்ல. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் பலரிடம் பேசியதில், ஒருவரிடமிருந்து கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொள்ளும் விதத்தை எடுத்துக்கொண்டேன், இன்னொருவரிடமிருந்து மழைக் காலத்தில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வதை. உண்மையான ஆளை அப்படியே தூக்கிவந்து வைத்தால் அவருக்கு நியாயம் செய்ய வேண்டிய கடமை வந்து சேரும்; பிறகு கதைக்கு நியாயம் செய்ய முடியாது. உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ரங்கசாமி என்று பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டா?
வாசகி, திருப்பூர்

காரமடைப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ரங்கன் இருப்பார். அரங்கநாதர் கோயில் அங்கேதான் இருக்கிறது. எனக்கு அதைவிட இன்னொரு காரணம் இருந்தது. கோத்தகிரிக்குக் கிழக்கே ரங்கசாமி மலை என்று ஒரு சிகரம் உண்டு, இருளர்கள் வழிபடும் இடம். காரமடையில் குடியிருந்த ரங்கன் மனைவியோடு பிணங்கிக்கொண்டு தனியாக மலையேறி வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். என் ரங்கசாமி பிணங்கிக்கொண்டு வந்தவரல்ல. குன்னூர் ரயில்வே குடியிருப்பில் அவர் தனியாக இருப்பதும், துளசி மாமியாரோடு காரமடையில் கறிவேப்பிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதும் வயிற்றுப்பாட்டுக்காக. ஆனால் ஊர் அப்படிப் பேசாதல்லவா? மாமியாரே அப்படிப் பேசுவதில்லையே! அந்தப் பேச்சுக்கெல்லாம் பெயரிலேயே ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்று வைத்தேன்.

நான்காம் அத்தியாயத்தில் அடர்லி நிலையத்துக்கு மேலே மூடுபனியில் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துகிறார். இறங்கிப் போய்ப் பார்த்தால் தண்டவாளத்தில் கிடப்பது ஒரு பலாப்பழம். சிரிப்புக்காகச் சேர்த்ததா? அனுபவசாலி ஒருவர் இப்படி ஏமாறுவாரா?
வாசகர், சென்னை

வந்த கடிதங்களில் அதிகம் பேசப்பட்டது இந்தப் பலாப்பழம்தான். முதலில் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லாறு, பர்லியாறு சரிவுகளில் பலா மரங்கள் ஏராளம். பழுக்கும் மாதங்களில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் அதைத் தேடி வருவது மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே தண்டவாளத்தில் பலாப்பழம் கிடப்பது அதிசயமே அல்ல. (ஓவியர் அந்த அத்தியாயத்துக்கு ஒரு பெரிய கொம்பன் யானையை வரைந்துவிட்டார். கதையில் யானை கிடையாது. படம் அழகாக இருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.)

இப்போது காட்சிக்கு வருகிறேன். பனி இறங்கினால் நாற்பது அடிக்கு அப்பால் ஒன்றும் துலங்காது. சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஏதோ கிடக்கிறது. பாறைத் துண்டாக இருக்கலாம், வெறும் நிழலாகவும் இருக்கலாம். பல்சட்டப் பாதையில் வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஏற்றத்தின் நடுவில் நிறுத்தினால், மறுபடி கிளம்ப நீராவியைத் திரட்ட வேண்டும், நேரம் போகும், ஓட்டுநர் முகத்தைக் காட்டுவார். இத்தனையும் தெரிந்த மனிதர் சந்தேகம் வந்த அந்தக் கணத்தில் சிவப்பைக் காட்டுகிறார். அனுபவம் உள்ளவர் சரியாக ஊகிப்பார் என்று நாம் நினைக்கிறோம். ரங்கசாமியின் அனுபவம் ஊகிப்பதே வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதனால்தான் கார்டு ஓடிவந்து, “ஒரு பலாப்பழத்துக்கா வண்டிய நிறுத்துனே?” என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தும்போது, அவர் நிதானமாக ஒரே ஒரு பதில் சொல்கிறார்: “நிறுத்துனதுக்கப்புறந்தானுங்க சார் அது பலாப்பழம்.”

தொடர் முழுக்க அவர் தன் வேலையைப் பற்றிச் சொல்லும் ஒரே வாக்கியம் அதுதான். அதை எழுதிய அன்றுதான் இந்த ஆள் எனக்குப் பிடிபட்டார். சிரிப்பார்களே என்ற பயம் அவருக்கு இல்லை. வீரன் என்பார்களோ என்ற ஆசையும் இல்லை. பழத்தை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் மேடைக்கு ஏறிவிடுகிறார். அதை எடுத்துக்கொண்டு போனது ஃபயர்மேன்.

துளசி ஒரே ஒரு முறை மலை ரயிலில் ஏறுகிறாள். கணவர் நிற்கும் பெட்டியிலேயே உட்காருகிறாள். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டில் இதைப் படித்துவிட்டுப் பெரிய சண்டையே வந்தது. இப்படியும் ஒரு புருஷனா?
வாசகி, கரூர்

சண்டைக்கு நான் பொறுப்பேற்க முடியாது, மன்னிக்கவும்.

முதல் பெட்டியின் பயணிகளுக்கு பிரேக்ஸ்மேனின் முதுகுதான் தெரியும். துளசிக்குத் தெரிந்தது வீட்டுக்கு வருகிற ரங்கசாமி: காபி டம்ளரை எப்போதும் இடது கையால் வாங்குகிறவர். மருமகள் கொடுப்பதை இடது கையால் வாங்குவது அவமரியாதை என்று மாமியாரே மகனைக் கடிந்துகொள்வார். பிரேக் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே தோல் காய்ப்பேறிச் சூடு உறைக்காமல் போயிருந்தது. டம்ளரின் சூடு தெரிய அவருக்கு இடது கைதான் வேண்டும். இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அன்று ரயிலில், கல்லாறு தாண்டி வண்டியின் சத்தம் மாறியதிலிருந்து குன்னூர் வரைக்கும், அந்தக் கை சக்கரத்தைப் பிடித்தும் விட்டும் செய்கிற வேலையைத் துளசி பின்னால் உட்கார்ந்து பார்க்கிறாள். இறங்கிய பிறகு, “ஏனுங்க, அத்தன நேரம் அங்க நின்னுட்டு என்னதான் பாப்பீங்க?” என்று கேட்கிறாள். “தண்டவாளத்தத்தான்” என்கிறார். அடுத்த வாரம் அவர் காரமடைக்கு வரும்போது, மாமியார் பார்க்கவே, காபியை அவருடைய இடது கைப்பக்கமாகப் பார்த்து நீட்டுகிறாள். நீங்கள் அந்தக் காட்சியைக் குறிப்பிடவில்லை. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்திருந்தால் அவளுக்கு அந்தப் புரிதல் கிடைத்திருக்காது.

ஏறும் பயணத்தையே திரும்பத் திரும்ப எழுதிவிட்டு, இறக்கத்துக்கு ஒரே ஒரு அத்தியாயம் கொடுத்தது ஏன்?
வாசகர், ஈரோடு

இறங்கும்போது என்ஜின் முன்னால் போய்விடும். ஏறுகையில் முதலாவதாக இருந்தவர் கடைசி ஆளாகிவிடுவார். அவருக்குத் தெரிவது கடந்துபோன பாதைதான். கண்ணுக்கு வேலை குறைந்து, வேலை முழுவதும் கைக்கு வந்துவிடும். பிரேக் கட்டை சூடேறும் நெடி, காதை அடைக்கும் கிறீச்சொலி, மேலே மேலே போய் மறையும் தண்டவாளம் என்று ஒரு அத்தியாயம் எழுதலாம். நான் விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டோடு இரண்டாவது எழுத எனக்குச் சரக்கு இல்லை.

குன்னூர்க்காரனாகக் கேட்கிறேன். கதை 1993 செப்டம்பரில் முடிகிறது. அதற்கு இரண்டு மாதத்துக்குள் மரப்பாலம் என்ற இடத்தில் மலை சரிந்தது. இத்தனை கவனமாகப் பாதையைப் பார்த்த மனிதரை அந்த நவம்பரில் நிறுத்தியிருந்தால் கதைக்குப் பெரிய உச்சம் கிடைத்திருக்குமே? தெரிந்தே தவிர்த்தீர்களா?
வாசகர், குன்னூர்

தெரிந்தேதான். மரப்பாலம் உங்களுக்கும் எனக்கும் ஒரு கதைச் சம்பவம் அல்ல. அந்த மழையில் வீட்டாரை இழந்தவர்கள் இன்றும் இந்த மலையில் இருக்கிறார்கள்; அவர்களில் சிலராவது இந்த இதழை வாங்குகிறார்கள். நான் கற்பனை செய்த ஒருவர் கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்து, உண்மையில் யாராலும் தடுக்க முடியாததை அவர் தடுத்ததாகவோ, தடுக்க முயன்றதாகவோ எழுதுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பேரிடரைக் கொண்டுவந்து உச்சக்கட்டமாக வைப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு கூச்சம் உண்டு. கதை தானாகச் சேர்க்காத கனத்தை அது வெளியிலிருந்து இரவல் வாங்குகிறது.

ஆனால் அந்த நவம்பரை மறந்துவிட்டும் நான் எழுதவில்லை. மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயது அப்போது 58; 60 ஆனது 1998-ல்தான். ரங்கசாமி 1993 செப்டம்பர் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கு ஏற்ப 1935-ல் அவரைப் பிறக்க வைத்தேன். கடைசி அத்தியாயத்தில் அவர் கொடிகளை ஒப்படைத்துப் பேரேட்டில் கையெழுத்துப் போடும்போது, அவருக்குப் பதில் வரும் இளைஞன், “மழை எப்பங்கண்ணா ஆரம்பிக்கும்?” என்று கேட்கிறான். “ஐப்பசியில புடிக்கும், பாத்து நில்லு” என்கிறார். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் எழுதியவர்கள் அதை ஒரு பெரியவரின் சாதாரணப் புத்திமதியாகப் படித்திருக்கிறார்கள். நீங்கள் அப்படிப் படிக்கவில்லை என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. இரண்டு விதமாகவும் படிக்க இடம் இருக்கட்டும் என்றுதான் அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தேன்.

2005-ல் யுனெஸ்கோ மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, ரங்கசாமி அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?
மாணவர், உதகமண்டலம்

அவருக்கு அப்போது எழுபது வயது. “அப்படியா?” என்று கேட்டிருப்பார். துளசிதான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லியிருப்பாள்.

ரங்கசாமியை மறுபடி ஒரு தொடரில் எதிர்பார்க்கலாமா?
வாசகர், மதுரை

இல்லை. ஓய்வு பெற்றவரைக் கூப்பிட்டு வேலை வாங்க எனக்கு விருப்பமில்லை. அவரைப் பிடிக்கும் என்பதற்காகவே கூப்பிடக் கூடாது என்றும் நினைக்கிறேன். துளசியை வைத்து எழுதும்படி இதழின் பொறுப்பாசிரியர் கேட்டிருக்கிறார். கறிவேப்பிலைத் தோட்டத்தைப் பற்றி நான் இன்னும் நிறையக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மாசியில் காரமடைத் தேருக்குப் போகிறேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.