ஐம்பது பேர் தரும் ஒரு டொலர்

ஒரு திட்டத்துக்கு ஆக்கள் கொடுக்கும் காசைப் பார்த்து, பொது நிதியொன்றிலிருந்து மேலும் காசு சேர்த்துக் கொடுப்பதுதான் சமூக மேட்ச்சிங் நிதி. அது பற்றித் திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

உப்புவெளி: எதீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் வாலட்டுகளுக்கு (டிஜிட்டல் பணப்பைகளுக்கு) தமிழ் இடைமுகம் எழுதி, எவரும் எடுத்துப் பாவிக்கும்படி ஓப்பன் சோர்ஸாக வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் மாமா 50 டொலர் தருகிறாராம். அதற்கு மேட்ச்சிங் காசு சேருமா?

மாமா மட்டும் கொடுத்தால் ஒரு சதமும் சேராது. ஒவ்வொருவரும் கொடுத்த தொகைக்கு வர்க்கமூலம் எடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கித்து, ஆக்கள் கொடுத்த காசைக் கழிப்பார்கள். 50இன் வர்க்கமூலத்தை வர்க்கித்தால் திரும்பவும் 50தான். கழித்தால் சைபர். அதே காசை இரண்டு பேர் 25, 25 ஆகக் கொடுத்தால் 5உம் 5உம் 10, வர்க்கம் 100, கழித்தால் 50. ஐம்பது பேர் ஆளுக்கு ஒரு டொலர் போட்டால் 2,500இல் 50 போக 2,450!

ஆனால் பொது நிதிக்கு ஓர் அளவு உண்டு. நிதியில் 1,000 டொலர் இருந்து, இரண்டு பேர் கொடுத்த திட்டமும் ஐம்பது பேர் கொடுத்த திட்டமும் மட்டுமே அந்த நிதி பகிரும் சுற்றில் இருந்தால், 50க்கு 2,450 என்ற விகிதத்தில் பிரித்து முதலாவதுக்கு 20, மற்றதுக்கு 980. கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயத்தை ஒரே முதலாளி ஏற்பது ஒன்று, வீடு வீடாய்ப் போய்ச் சேர்ப்பது இன்னொன்று. இந்த முறை வீடு வீடாய்ப் போனவருக்குத்தான் அள்ளிக் கொடுக்கும். எதீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டெரின், பொருளியலாளர்கள் ஸோயி ஹிட்ஸிக், கிளென் வெயில் மூவரும் 2018இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்த யோசனை இது. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு நிதி சேர்க்கும் கிட்கொயின் என்ற தளம் 2019இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாமாவிடம் காசோடு சேர்த்து அவருடைய கூட்டாளிகளையும் கேளுங்கள்.

கிண்ணியா: அப்படியென்றால் நானே 16 வாலட் திறந்து போட்டால்?

16 டொலரை ஒரே வாலட்டிலிருந்து போட்டால் வர்க்கம் 16. பதினாறாய்ப் பிரித்தால் 256. ஆசை வரத்தான் செய்யும். இதற்கு சிபில் தாக்குதல் என்று பெயர். ஒரு வாலட்டுக்குப் பின்னால் உண்மையான ஆள் இருக்கிறாரா என்று பார்க்க பாஸ்போர்ட் என்ற சரிபார்ப்பு வைத்திருக்கிறார்கள். காசு எங்கிருந்து எங்கே போனது என்பதும் எல்லாரும் பார்க்கக்கூடிய பிளொக்செயின் பதிவேட்டில் அப்படியே கிடக்கும். பிடிபட்டால் திட்டத்தையே சுற்றிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

தம்பலகாமம்: கம்பஸில் என் பச் ஆக்கள் நாற்பது பேர் கொடுப்பார்கள். அதுவும் பிழையா?

அவரவர் சொந்தக் காசு என்றால் பிழையில்லை. நீங்கள் காசைக் கொடுத்துப் போடச் சொன்னாலோ, போட்டவருக்குப் பிறகு ஏதாவது தருவதாகச் சொன்னாலோ அது மோசடி. இன்னொன்று: சில சுற்றுகளில் ஒரே கூட்டமாய் நடந்துகொள்ளும் வாலட்டுகளின் கணக்கைக் குறைத்துவிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துப் பேர் உங்கள் நாற்பது பேரை மிஞ்சவும் கூடும். இது கொஞ்சம் கடுமைதான் என்பது என் எண்ணம். சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்தானே!

மூதூர்: கோட், அதைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. போதாதா?

போதாது. உரிமக் கோப்பு இல்லாத கோடைப் பார்க்கலாம், எடுத்துப் பாவிக்க அனுமதி இல்லை. எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் என்ற மூன்று ஓப்பன் சோர்ஸ் உரிமங்களில் ஒன்றை இன்றே சேர்த்துவிடுங்கள்.

நிலாவெளி: கிடைத்த காசைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? எப்படிக் கைக்கு வரும்?

கட்டத் தேவையில்லை, கடனில்லை. ஆனால் அது உங்கள் வாலட்டுக்கு கிரிப்டோவாகத்தான் வரும். இலங்கை மத்திய வங்கி 2018இலிருந்தே மெய்நிகர் நாணயம் பற்றிப் பல தடவை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டையால் அதை வாங்கவும் விடவில்லை. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கணக்காளரிடம் வரி, வங்கி இரண்டையும் பேசிவிடுங்கள். “நான் மாற்றித் தாறேன், வாலட்டின் ரகசியச் சொற்களை அனுப்பு” என்று எவராவது வந்தால் பதிலே போடாதீர்கள்.