ஊர் கூடி வாங்கும் மின்சாரம்: கேள்வி-பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. பி.ஜி. அண்டு ஈ. என்ற மின் கம்பெனி அனுப்பும் கரன்ட் பில்லில் ‘ஏவா’ என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. நான் அதில் சேரவே இல்லையே! இரண்டு பேருக்குப் பணம் கட்டுகிறேனா?

பதில்: ஒரே மின்சாரத்துக்கு இரண்டு முறை கட்டவில்லை. மின்சாரத்தின் விலை ஏவாவுக்குப் போகிறது, அதைக் கம்பி வழியே கொண்டுவரும் கூலி பி.ஜி. அண்டு ஈ.க்குப் போகிறது. மீட்டர், பில், மின்வெட்டு வந்தால் பழுதுபார்ப்பது எல்லாம் பழைய கம்பெனியான பி.ஜி. அண்டு ஈ.யின் வேலைதான். ஏவா என்பது உங்கள் வட்டார நகராட்சிகள் கூடி நடத்தும் பொது அமைப்பு. உள்ளாட்சிகள் தம் மக்களுக்காக மொத்தமாக மின்சாரம் வாங்கலாம் என்று கலிஃபோர்னியா 2002-ல் சட்டம் போட்டது. அதன்படி எல்லோரும் தானாகவே உள்ளே வந்துவிடுவார்கள். வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளலாம். இந்த விதிதான் திட்டத்தின் உயிர். ஒவ்வொரு வீடாகக் கையெழுத்து வாங்கியிருந்தால், பேரம் பேசும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்தே இருக்காது.

கேள்வி: கம்பி அதே கம்பி. வரும் மின்சாரமும் அதே மின்சாரம். அப்புறம் கரியமில வாயு எங்கே குறைகிறது?

பதில்: எனக்கு வரும் கேள்விகளில் இதைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன். மின்கட்டமைப்பை ஓர் ஏரியாக நினைத்துக்கொள்ளுங்கள். பல கால்வாய்கள் அதில் வந்து விழுகின்றன. உங்கள் குழாயில் வருவது எந்தக் கால்வாயின் தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கால்வாயை வெட்டக் காசு கொடுத்தீர்கள் என்று சொல்ல முடியும்.

காசு கொடுப்பதில் இரண்டு வழி உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையின் சான்றிதழை, அதாவது இவ்வளவு பசுமை மின்சாரம் உற்பத்தியானது என்று காட்டும் காகிதத்தை, மட்டும் வாங்குவது ஒன்று. செலவு குறைவுதான், ஆனால் அதனால் புதிதாக ஒரு காற்றாலை எழும் என்று நம்ப முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போடுவது இன்னொன்று. அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் நிலையம் கட்டுபவர் வங்கியில் கடன் வாங்குகிறார். ஒரு வீட்டால் அப்படி ஒப்பந்தம் போட முடியாது. பல லட்சம் வீடுகளின் சார்பில் ஓர் அமைப்பு போடலாம்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் 2017-ல் இதைத்தான் செய்தது. நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள், வங்கிகள் என 14 வாடிக்கையாளர்கள் சேர்ந்து, ஆண்டுக்கு 8.8 கோடி யூனிட் வாங்க ஒப்புக்கொண்டார்கள். அந்த உறுதியின் பலத்தில் க்ரௌலண்ட்ஸ் என்ற இடத்தில் 80 மெகாவாட் காற்றாலைப் பண்ணை எழுந்தது. கலிஃபோர்னியாவிலும், சட்டப்படி வாங்கவேண்டிய புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் 65 சதவீதம், பத்தாண்டோ அதற்கு மேலோ நீளும் ஒப்பந்தங்களிலிருந்து வரவேண்டும் என்பது 2021 முதல் விதி.

ஆகவே உங்கள் அமைப்பிடம் “எத்தனை சதவீதம் பசுமை?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் எவ்வளவு புது நிலையங்களோடு போட்ட நீண்ட ஒப்பந்தம், எவ்வளவு வெறும் சான்றிதழ் என்று கேளுங்கள்.

கேள்வி: பில் குறையுமா?

பதில்: சில இடங்களில் குறையும், எப்போதும் குறையும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிகாகோ மக்கள் 2012-ல் வாக்களித்து இதுபோன்ற திட்டத்தில் சேர்ந்தார்கள். விலை லாபம் கரைந்துபோனதும் 2015-ல் பழைய கம்பெனிக்கே திரும்பினார்கள். கலிஃபோர்னியாவில், பழைய கம்பெனி முன்பு போட்ட அதிக விலை ஒப்பந்தங்களின் சுமையில் ஒரு பங்கு, பிரிந்து வந்தவர்கள் பில்லிலும் ஏறும். கையிருப்பு நிதி இல்லாமல் இறங்குவதும் ஆபத்து. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வெஸ்டர்ன் கம்யூனிட்டி எனர்ஜி என்ற இதே மாதிரி அமைப்பு, 2020 ஆகஸ்ட் வெயிலில் சந்தை விலை எகிறியதில் அடிபட்டு, 2021 மே மாதம் திவால் மனு கொடுத்தது. வாடிக்கையாளர்கள் அந்த வட்டாரத்தின் பழைய மின் கம்பெனியான எடிசனுக்கு மாற்றப்பட்டார்கள். யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை என்பது ஓர் ஆறுதல்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். கூரையில் சோலார் போட வழியில்லை.

பதில்: கூரையே வேண்டாம். மாரின் கவுன்டியில் ‘டீப் கிரீன்’ என்று நூறு சதவீதப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டம் இருக்கிறது. பல அமைப்புகளிலும் இதுபோல் உண்டு. கொஞ்சம் கூடுதலாகக் கட்டவேண்டும். பில் உங்கள் பெயரில் இருந்தால் போதும்.

கேள்வி: பெரிய மின் கம்பெனிகள் இதைச் சும்மா விட்டுவிடுமா?

பதில்: விடவில்லை. 2010-ல் பி.ஜி. அண்டு ஈ. சுமார் 4.6 கோடி டாலர் செலவழித்து ஒரு தீர்மானத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால்தான் உள்ளாட்சிகள் இந்த வேலையில் இறங்கலாம் என்பது அதன் சாரம். ஜூன் மாதம் மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் மாரின் கவுன்டி, மாநிலத்திலேயே முதலாவதாக, தன் மக்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. இன்று கலிஃபோர்னியாவில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் மாநிலத்தில் இப்படி ஒரு சட்டமே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: மாசசூசெட்ஸ் 1997-லேயே வழி திறந்துவிட்டது. ஒஹாயோ, இல்லினாய், நியூ ஜெர்சி, நியூயார்க் போன்றவையும் பின்னால் வந்தன. சட்டம் வரும்வரை உங்கள் நகராட்சி தன் சொந்தத் தேவைக்காவது பக்கத்து ஊர்களோடு சேர்ந்து வாங்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021-ல் 46 உள்ளாட்சிகள் தெருவிளக்குக்கும் அலுவலகங்களுக்கும் அப்படித்தான் காற்றாலை மின்சாரம் வாங்கின. உங்கள் ஊரின் தெருவிளக்கு பில் எவ்வளவு என்று நகர்மன்றக் கூட்டத்தில் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.